அப்பளமும் மழையும் கம்ப்யூட்டரும்: சிமுலேஷன் என்றால் என்ன? கடன் வாங்கி மெஷின் போடும் முன் அது எப்படி உதவும்?

கல்லிடைக்குறிச்சி என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அப்பளம். தாமிரபரணியின் தென்கரையில், அம்பாசமுத்திரத்துக்கு எதிரே இருக்கும் இந்த ஊரில் தலைமுறைகளாக நடக்கும் தொழில் இது. உளுந்து கிடைக்கும், கை வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பெயரைச் சொன்னாலே வாங்க ஆள் உண்டு. கையில் இல்லாத ஒரே பொருள் வெயில்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அப்பளம் காயாது. அதே மாதங்களில்தான் தீபாவளியும் முகூர்த்த நாட்களும் வருகின்றன. "மழை வெறிச்சதும் அனுப்புதேன் அண்ணாச்சி" என்று போனில் எத்தனை நாள் சொல்ல முடியும்? கடன் வாங்கி டிரையர் போடலாமா, வேண்டாமா என்ற கேள்வி அப்போதுதான் வரும்.

போட்டுவிட்டு மழை குறைந்தால் வட்டி கையைக் கடிக்கும். போடாமல் விட்டு மழை கூடினால் ஆர்டர் கைவிட்டுப் போகும். இப்படி நாளை என்ன நடக்கும் என்று தெரியாமல் இன்றைக்குப் பணம் போட வேண்டிய இடத்தில், உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் சிமுலேஷன். பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம் போலத் தோன்றினாலும், இதன் அடிப்படையை ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பகடையும் வைத்தே புரிந்துகொள்ளலாம்.

சிமுலேஷன் என்றால் என்ன?

எளிமையாகச் சொன்னால், ஒரு தொழிற்கூடத்தின் வேலையைக் கணக்காக மாற்றி, அதைக் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்ப்பது. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, எங்கே சரக்கு தேங்குகிறது, எப்போது மெஷின் நிற்கிறது என்பதையெல்லாம் விதிகளாக எழுதிக் கொடுத்தால், கம்ப்யூட்டர் ஒரு வருட வேலையைச் சில விநாடிகளில் நடத்திக் காட்டும்.

பிறகு ஒரு விதியை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டலாம். இன்னொரு மெஷின் இருந்தால்? இரண்டு ஆள் குறைந்தால்? ஆர்டர் ஒன்றரை மடங்கானால்? நிஜத்தில் செய்து பார்த்தால் லட்சக்கணக்கில் செலவாகும் தவறுகளை இங்கே காசில்லாமல் செய்து பார்க்கலாம்.

ஜோசியத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. "நவம்பர் 14-ம் தேதி மழை பெய்யும்" என்று சிமுலேஷன் சொல்லாது. "இப்படிப்பட்ட மழைக்காலம் நூறு வந்தால், அதில் எத்தனை முறை உங்கள் ஆர்டர் தவறும்?" என்பதைத்தான் சொல்லும்.

அப்பளத் தொழிலில் சிக்கல் எங்கே இருக்கிறது?

அப்பளத்தின் வழி நேர்க்கோடுதான். உளுந்து மாவில் உப்பு, அப்பளக் காரம், பெருங்காயம் சேர்த்துப் பிசைவார்கள். சிலர் பிரண்டைச் சாறும் சேர்ப்பார்கள். மாவை இடித்துப் பதமாக்கி, உருண்டையாக வெட்டி, வட்டமாகத் தேய்த்து, காயவைத்து, அடுக்கிக் கட்டுவார்கள்.

ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது. ஆகவே எந்த இடம் மெதுவாக நடக்கிறதோ, அதுவே முழு உற்பத்தியின் வேகம். உற்பத்திப் பொறியியலில் இதை 'பாட்டில்நெக்' என்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், அகலமான ரோடு குறுகிய பாலத்தில் போய்ச் சேரும் இடம்.

வெயில் நாளில் இந்தப் பாலம் தேய்க்கும் இடத்தில் இருக்கலாம். மழை நாளில் அது காயவைக்கும் இடத்துக்கு நகர்ந்துவிடும். அந்த நேரத்தில் தேய்க்க இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தாலும் ஒரு கிலோகூட அதிகம் போகாது. ஈர அப்பளம்தான் சேரும்.

அதையும் அவசரப்பட்டுக் கட்ட முடியாது. ஈரம் மிச்சம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். அதிகமாகக் காய்ந்தால் ஓரம் வெடித்து உடையும். இந்தப் பதத்தைக் கைபட்ட உடனே சொல்லும் ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள். சிமுலேஷன் மாடல் எழுதுபவர்கள் முதலில் போய் உட்கார வேண்டியது அவர்கள் பக்கத்தில்தான்.

சராசரி எப்படி ஏமாற்றுகிறது?

இனி ஒரு கற்பனைக் கணக்கு. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. எந்தத் தொழிற்கூடத்தின் கணக்கும் அல்ல.

ஒரு சின்ன அப்பளக் கூடம். வெயில் நாளில் 100 கிலோ காயும். மழை நாளில் உள்ளே ஃபேன் போட்டு 20 கிலோதான் ஒப்பேற்ற முடியும். ஆர்டர் தினமும் 60 கிலோ. கிடங்கில் 150 கிலோ வரை ஸ்டாக் வைக்கலாம். மாதம் தொடங்கும்போது கிடங்கு நிறைந்திருக்கிறது. அன்றைய ஆர்டரை அன்றே கொடுக்க முடியாவிட்டால், வாங்குபவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

30 நாள் மாதத்தில் 10 நாள் மழை என்று வைத்துக்கொள்வோம். 20 வெயில் நாளில் 2,000 கிலோ, 10 மழை நாளில் 200 கிலோ, மொத்தம் 2,200 கிலோ காயவைக்க முடியும். தேவை 1,800 கிலோதான். 400 கிலோ மிச்சம்! டிரையர் எதற்கு என்றுதான் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்க. அந்தப் 10 மழை நாளும் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டாமா?

முதல் வகை: இரண்டு நாள் மழை, நாலு நாள் வெயில் என்று ஐந்து முறை மாறி மாறி வருகிறது. மழை நாளில் கிடங்கிலிருந்து தினமும் 40 கிலோ எடுக்க வேண்டும். இரண்டு நாளில் 80 கிலோ குறையும். அடுத்த இரண்டு வெயில் நாளிலேயே அது நிரம்பிவிடும். மாதம் முழுக்க ஒரு ஆர்டர்கூடத் தவறாது.

இரண்டாம் வகை: ஐந்து நாள் தொடர் மழை, பத்து நாள் வெயில், மறுபடி ஐந்து நாள் மழை, பத்து நாள் வெயில். முதல் நாள் கிடங்கில் 110 கிலோ, இரண்டாம் நாள் 70, மூன்றாம் நாள் 30. நான்காம் நாள் 10 கிலோ குறைகிறது. ஐந்தாம் நாள் 40 கிலோ. ஒரு தொடர் மழைக்கு 50 கிலோ என்றால், மாதத்துக்கு 100 கிலோ ஆர்டர் போச்சு.

மூன்றாம் வகை: பத்து நாளும் விடாத அடைமழை. தேவைக்குக் குறைவது 400 கிலோ. கிடங்கு தாங்குவது 150. மிச்சம் 250 கிலோ ஆர்டர் தவறிவிடும்.

மூன்றிலும் மழை நாள் 10-தான். மொத்த உலர்த்தும் திறனும் அதே 2,200 கிலோ. சராசரியும் ஒன்றே. ஆனால் நஷ்டம் பூஜ்ஜியம், 100, 250 கிலோ. மாதக் கடைசியில் போடும் கணக்கில் இந்த வித்தியாசம் தெரியாது. நாள் நாளாக நடத்திப் பார்த்தால்தான் தெரியும். சிமுலேஷன் செய்வது அந்த நாள் நாளான வேலையைத்தான்.

பகடையை உருட்டினால் என்ன தெரியும்?

நிஜத்தில் மேலே சொன்ன மூன்று வகை மட்டும் வராது. ஆயிரம் வகை வரும். அத்தனையையும் எப்படிப் பார்ப்பது? இங்கேதான் பகடை வருகிறது.

மழைக்கு ஒரு குணம் உண்டு. இன்று பெய்தால் நாளையும் பெய்ய வாய்ப்பு அதிகம். கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் அது ஒரே நாளில் கலைந்து போவதில்லை. இந்தக் குணத்தைப் பகடைக்கு இரண்டு விதியாக எழுதலாம்.

ஒன்று: இன்று வெயில் என்றால், பகடையில் 1 விழுந்தால் மட்டும் நாளை மழை.

இரண்டு: இன்று மழை என்றால், 1, 2, 3, 4 இவற்றில் எது விழுந்தாலும் நாளையும் மழை.

இந்த விதிப்படி நீண்ட நாள் உருட்டினால், மூன்றில் ஒரு நாள் மழை வரும். அதாவது 30 நாளுக்குச் சராசரி 10 நாள். நாம் எடுத்துக்கொண்ட அதே கணக்கு.

இப்போது கேள்வி: ஒரு முறை மழை தொடங்கினால், அது நாலு நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் வாய்ப்பு எவ்வளவு? நம் கூடத்தில் நாலாம் நாளில்தானே ஆர்டர் தவறத் தொடங்குகிறது. விடை, 27-ல் 8. அதாவது நூற்றுக்குச் சுமார் 30.

மழைக்கு இந்த ஒட்டும் குணம் இல்லை, ஒவ்வொரு நாளும் தனித்தனி என்று வைத்துக் கணக்குப் போட்டால்? மழை நாட்களின் சராசரி அதே 10-தான். ஆனால் நாலு நாள் நீடிக்கும் வாய்ப்பு 27-ல் 1. நூற்றுக்கு 4-கூட முழுதாக இல்லை. ஒரே ஒரு விதியைத் தப்பாக எழுதியதால் ஆபத்து எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. கம்ப்யூட்டர் இரண்டு மாடலையும் ஒரே வேகத்தில் ஓட்டி, இரண்டுக்கும் அழகான வரைபடம் போட்டுக் கொடுக்கும். எது நம் ஊர் மழை என்று அதற்குத் தெரியாது.

பகடையைக் கையால் உருட்டினால் ஒரு மாதத்துக்கு 30 தடவை உருட்ட வேண்டும். எக்செல்லில் 'ரேண்ட்பிட்வீன்' என்ற ஃபார்முலா அதே வேலையைச் செய்யும். பத்தாயிரம் மழைக்காலத்தை உருட்டிப் பார்க்கச் சாதாரண லேப்டாப்புக்குச் சில விநாடிகள் போதும். இப்படித் தற்செயலை உருட்டி விடை தேடும் முறைக்கு 'மான்டி கார்லோ' என்று பெயர்.

டிரையர் வாங்குவதா, கிடங்கைப் பெரிதாக்குவதா?

இனி முடிவு எடுக்கும் இடத்துக்கு வருவோம். அதே கூடத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன என்று வைப்போம்.

முதல் வழி, கிடங்கை 150 கிலோவிலிருந்து 300 கிலோவாக்குவது. அது நிறைந்திருக்கும்போது மழை தொடங்கினால், ஏழு நாள் தாங்கும். எட்டாம் நாளில்தான் குறையும். பகடை விதிப்படி மழை எட்டு நாள் நீடிக்கும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 6.

இரண்டாம் வழி, மழை நாளில் கூடுதலாக 20 கிலோ காயவைக்கும் சின்ன டிரையர் வாங்குவது. கிடங்கிலிருந்து தினமும் எடுப்பது 40-லிருந்து 20 கிலோவாகக் குறையும். பழைய 150 கிலோ கிடங்கே ஏழு நாள் தாங்கும். வாய்ப்பு அதே 6.

பார்த்தீர்களா? கிடங்கும் டிரையரும் ஒரே அளவு பாதுகாப்பைத் தருகின்றன. ஒன்றுக்கு அலமாரியும் காற்றுப் புகாத டப்பாவும் போதும். மற்றொன்றுக்கு கடன், மின்சாரம், பராமரிப்பு எல்லாம் வேண்டும். அதற்காகக் கிடங்கே மேல் என்று உடனே முடிவு கட்டிவிடவும் முடியாது. பத்து நாள் அடைமழை வந்தால் பெரிய கிடங்கு வைத்தவருக்கு 100 கிலோ தவறும். டிரையர் வைத்தவருக்கு 50 கிலோதான் தவறும். கூடுதல் 150 கிலோ சரக்கில் பணமும் முடங்கும். கிலோவுக்கு 200 ரூபாய் அடக்கம் என்று வைத்தால் 30,000 ரூபாய். ஈரக் காற்றில் சரக்கு பதம் கெடாமல் இருக்குமா என்பது தனிக் கேள்வி.

மூன்றாம் வழி, இரண்டையும் செய்வது. அப்போது 15 நாள் தொடர் மழையையும் கிடங்கு தாங்கும். அதைத் தாண்டி மழை நீடிக்கும் வாய்ப்பு ஆயிரத்துக்குச் சுமார் 2. கேட்க நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிம்மதியின் விலையை, தவறும் ஆர்டரின் நஷ்டத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். மழை மூன்று மாதம்தான். தவணை பன்னிரண்டு மாதமும் கட்ட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன விகிதங்கள், மழை தொடங்கும்போது கிடங்கு முழுதாக நிறைந்திருந்தால் மட்டுமே பொருந்தும். ஒரு மழை விட்டு, கிடங்கு நிரம்புவதற்குள் அடுத்த மழை வந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அதைக் காகிதத்தில் கணக்கிடுவது சிரமம். கம்ப்யூட்டரில் ஓட்டினால் அதுவும் தானாகவே விடையில் சேர்ந்துவிடும்.

கடன் வாங்கத் தீர்மானித்தால், உணவு பதப்படுத்தும் குறுநிறுவனங்களுக்காக மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த திட்டம் ஒன்று உண்டு. அதில் தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வங்கிக் கடனோடு இணைந்த மானியமாக வழங்கப்பட்டது. மானியம் இருக்கிறது என்பதற்காகவே தேவைக்கு மீறிப் பெரிய மெஷின் வாங்கிவிட்டுத் தவணைக்குத் திணறுவதும் நடக்கக்கூடியதுதான். மானியம் உண்டு, இல்லை என்று இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இந்த முறை எங்கே தொடங்கியது?

1946-ல் உடல்நலம் தேறிக்கொண்டிருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம், பொழுதுபோக்குக்காகத் தனியாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று சூத்திரம் போட முயன்றார். கஷ்டமாக இருந்தது. நூறு முறை ஆடி, எத்தனை முறை ஜெயித்தோம் என்று எண்ணிவிட்டால் என்ன என்று யோசித்தார். நண்பர் ஜான் வான் நியூமன் அந்த யோசனையை அப்போதைய புதிய மின்னணுக் கணினியான எனியாக்குக்குக் கொண்டுபோனார். அணு ஆராய்ச்சிக்காக வளர்ந்த முறைக்கு, சூதாட்டத்துக்குப் பேர்போன மான்டி கார்லோவின் பெயர் ஒட்டிக்கொண்டது.

தொழிற்சாலைக்கு இது வந்தது 1950-களின் கடைசியில். பிரிட்டனின் யுனைடெட் ஸ்டீல் நிறுவனத்தில் கே.டி. டோச்சர், உருக்காலை வேலையைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கப் பொதுவான புரோகிராம் ஒன்றை எழுதினார். 1961-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜெஃப்ரி கார்டன் இதற்கென்றே ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தார்.

அதே காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டரிடம் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன அதிகாரிகள் ஒரு புதிருடன் வந்தார்கள். கென்டக்கியில் இருந்த அவர்களுடைய வீட்டு உபயோகப் பொருள் ஆலைகளில் சில சமயம் மூன்று, நான்கு ஷிஃப்ட் ஓடும். சில வருடம் கழித்துப் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. மார்க்கெட் ஏற்ற இறக்கம் என்று மட்டும் சொல்லி அதை விளக்க முடியவில்லை.

ஃபாரஸ்டர் பென்சிலும் காகிதமும் வைத்தே வாரம் வாரமாக ஓட்டிப் பார்த்தார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் மாறாமல் இருந்தாலும், ஸ்டாக்கைப் பார்த்து ஆள் எடுக்கும் அவர்களுடைய சொந்த விதியே வேலைவாய்ப்பை மேலும் கீழும் ஆட்டுகிறது என்று தெரிந்தது. பழி மார்க்கெட்டின் மேல் இருந்தது. காரணம் ஆபீஸுக்குள் இருந்தது. 1961-ல் வெளிவந்த அவருடைய 'இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்' நூலுக்கு இந்த வேலை ஒரு தொடக்கம்.

பெரிய ஆலைகளில் எப்படிப் பயன்படுகிறது?

இதற்கும் நெல்லைச் சீமையிலேயே நல்ல உதாரணம் உண்டு. கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயர், டி.எஸ். நாராயணசாமியோடு சேர்ந்து 1946-ல் இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் ஆலை 1949-ல் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலை இருக்கும் இடம் இன்றும் சங்கர்நகர்தான்.

சிமென்ட் ஆலைக்கும் அப்பளக் கூடத்துக்கும் அளவில்தான் வித்தியாசம். சிக்கலின் வடிவம் ஒன்றே. சூளையில் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் கிளிங்கர் உருவாகிறது. சூளையை நினைத்தபோது நிறுத்தி, நினைத்தபோது பற்றவைக்க முடியாது. ஆனால் மார்க்கெட்டும் லாரியும் நினைத்தபோதுதான் வரும். இடையில் இருக்கும் கிளிங்கர் கிடங்கும் சிமென்ட் சைலோவும் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? இது கோடிக்கணக்கான ரூபாய்க் கேள்வி.

லாரி வரிசையை எடுத்துக்கொள்வோம். சரக்கு ஏற்ற ஒரே ஒரு இடம் இருக்கிறது. லாரிகள் முன்பின்னாக வருகின்றன. ஏற்றும் நேரமும் கூடக் குறைய ஆகிறது. அந்த இடம் 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால், வரிசைக் கோட்பாட்டின் எளிய கணக்குப்படி சராசரியாக 3 லாரி காத்திருக்கும். 90 சதவீதமானால் 8 லாரி. 95 சதவீதமானால் 18. "இன்னும் கொஞ்சம் வேலை வாங்கலாமே" என்று கடைசி 5 சதவீதத்தைப் பிழிந்தால் வரிசை இரண்டு மடங்குக்கு மேல் நீள்கிறது. மெஷின் சும்மா நிற்கும் நேரம் எல்லாமே வீண் அல்ல என்பது பல முதலாளிகளுக்கு நம்பக் கஷ்டமான விஷயம். ஓட்டிக் காட்டினால் நம்புவார்கள்.

இதன் அடுத்த கட்டம் 'டிஜிட்டல் ட்வின்'. ஆலையில் ஓடும் மெஷின்களின் சென்சார் தகவல், கம்ப்யூட்டரில் இருக்கும் மாடலுக்கு அவ்வப்போது வந்துகொண்டே இருக்கும். நிஜ ஆலையும் நிழல் ஆலையும் இரட்டைப் பிள்ளைகள் போலச் சேர்ந்தே ஓடும். தமிழ்நாட்டில் இந்தத் துறைக்காக டிட்கோ நிறுவனம், டசால்ட் சிஸ்டம்ஸுடன் சேர்ந்து டான்கேம் மையத்தையும், சீமென்ஸுடன் சேர்ந்து டான்சாம் மையத்தையும் அமைத்திருக்கிறது. இரண்டும் 2022-ல் தொடங்கிவைக்கப்பட்டன.

மென்பொருளுக்கு எவ்வளவு செலவாகும்?

பெரிய ஆலைகள் அரீனா, எனிலாஜிக், ஃப்ளெக்ஸ்சிம், சீமென்ஸின் பிளான்ட் சிமுலேஷன் போன்ற மென்பொருள்களை வாங்குகின்றன. இவற்றின் உரிமக் கட்டணம் சிறு தொழிலுக்குக் கட்டுப்படியாகாது.

ஆனால் இலவசமாகவும் வழி இருக்கிறது. பைதான் தெரிந்தவர்களுக்கு 'சிம்பை' உண்டு. படமாக இழுத்துவைத்து மாடல் செய்ய 'ஜாம்சிம்' உண்டு. மேலே பார்த்த அப்பளக் கணக்குக்கு எக்செல்லே போதும். பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் மாணவர்களுக்கு இது நல்ல கடைசி வருட புராஜெக்ட்டாகவும் இருக்கும்.

எங்கே தவறிப்போகும்?

முதல் ஆபத்து, கொடுக்கும் தகவல். "சராசரியாக இவ்வளவு காயும்" என்று வாய்க்கணக்காகச் சொன்னால் விடையும் வாய்க்கணக்காகத்தான் வரும். நல்ல நாளில் எவ்வளவு, மோசமான நாளில் எவ்வளவு என்று இரண்டும் வேண்டும்.

இரண்டாவது, மாடலைச் சோதிக்காமல் நம்புவது. போன வருட ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களை அப்படியே மாடலுக்குள் கொடுத்து ஓட்ட வேண்டும். மாடல் சொல்லும் தவறிய ஆர்டரும், கணக்குப் புத்தகத்தில் இருக்கும் தவறிய ஆர்டரும் ஏறக்குறைய ஒத்துப் போகின்றனவா? போகவில்லை என்றால் டிரையர் பேச்சை எடுக்கும் முன் மாடலைத் திருத்த வேண்டும்.

மூன்றாவது, கடந்த காலம் மாதிரியே எதிர்காலமும் இருக்கும் என்று நினைப்பது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை தாண்டியது. முந்தைய சில வருட மழையை மட்டும் வைத்து எழுதிய மாடலுக்குள் அப்படி ஒரு நாள் இருந்திருக்காது. அதனால், "இதுவரை வராத அளவு மழை வந்தால்?" என்று தனியாக ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது அவசியம். அந்த விடை லாபத்துக்கானது அல்ல; கடை தப்புமா என்பதற்கானது.

வேலை செய்பவர்கள் கணக்கில் இருக்கிறார்களா?

சிமுலேஷனிடம் எதைக் கேட்கிறோமோ அதற்குத்தான் அது விடை சொல்லும். "லாபம் எதில் அதிகம்?" என்று கேட்டால் லாபத்தை மட்டும் அளக்கும். அப்பளம் தேய்க்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. எண்ணிக்கைக்கோ எடைக்கோ கூலி வாங்கும் ஒருவருக்கு, காயாத நாள் என்பது சம்பளம் இல்லாத நாள்.

ஆகவே மாடலில் இன்னொரு வரியையும் சேர்க்கலாம்: ஒரு மாதத்தில் எத்தனை நாள் அவர்களுக்கு வேலை இருக்கும்? இந்த வரியைச் சேர்த்ததும் சில வழிகளின் முகமே மாறிவிடும். மழை நாளிலும் காயவைக்கும் டிரையர், தேய்ப்பவர்களுக்கும் வேலை நாளைக் கூட்டும். கிடங்கைப் பெரிதாக்கினால் ஆர்டர் தப்பும். ஆனால் மழை நாளில் வேலை இருக்காது. அதே பணத்தில் தேய்க்கும் மெஷின் வாங்கினால் வெயில் நாளில் உற்பத்தி கூடும், மழை நாளின் சிக்கல் அப்படியே இருக்கும், வேலையோ குறையும். லாபக் கணக்கில் ஏறக்குறைய சமமாக இருக்கும் கிடங்கும் டிரையரும் கூலிக் கணக்கில் சமம் அல்ல.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லாது. ஆனால் இந்த வரியும் முன்னால் இருந்தால், முடிவு எடுப்பவர் அதைத் தெரிந்தே எடுப்பார்.

எங்கிருந்து தொடங்கலாம்?

கம்ப்யூட்டரில் தொடங்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தினமும் ஆறு விஷயம் எழுத வேண்டும்: மழையா வெயிலா, எத்தனை கிலோ தேய்த்தார்கள், எத்தனை கிலோ காய்ந்தது, எத்தனை கிலோ கழிவு, எத்தனை கிலோ ஆர்டர் வந்தது, எத்தனை கிலோ தவறியது.

பலர் கடைசி விஷயத்தை எழுதுவதே இல்லை. விற்றதற்கு பில் இருக்கும். விற்க முடியாமல் போனதற்கு பில் கிடையாது. ஆனால் டிரையர் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை அந்த எழுதாத வரியில்தான் இருக்கிறது. புரட்டாசியில் எழுத ஆரம்பித்தால், மார்கழி முடியும்போது ஒரு முழு மழைக்காலம் கையில் இருக்கும். வங்கிப் படிவத்தை அதற்குப் பிறகு நிரப்பினாலும் தாமதம் ஆகிவிடாது. அடுத்த மழைக்கு இன்னும் எட்டு, ஒன்பது மாதம் இருக்கும்.